ஸ்கில்டு (ஆங்கிலச் சொல்)

ஸ்கில்டு என்பது, ஒரு செயலைச் செய்வதற்கான திறனைப் பயிற்சியாலோ பட்டறிவாலோ பெற்றிருக்கும் நிலையைக் குறிக்கும் ஆங்கிலப் பெயரடை ஆகும். தமிழில் இது இடத்திற்கேற்ப, தேர்ந்த, கைதேர்ந்த, திறன்பெற்ற எனப் பெயர்க்கப்படுகிறது. அன்றாட வழக்கில் இது ஒருவரைப் பாராட்டும் சொல். தொழிற்சட்டத்திலும் குடிவரவுச் சட்டத்திலும் இதுவே ஒரு வகைப்பாட்டின் பெயராகி, ஒருவர் பெறும் கூலியையும் ஒரு நாட்டினுள் நுழையும் உரிமையையும் தீர்மானிக்கிறது. இவ்விரு பயன்பாடுகளும் எப்போதும் ஒத்துப்போவதில்லை.

சொற்பிறப்பு

இச்சொல்லின் பகுதியான ஸ்கில், பழைய நோர்சு மொழியிலிருந்து ஆங்கிலத்திற்கு வந்தது. அம்மொழியில் அது வேறுபாடு, பகுத்தறிதல் ஆகியவற்றைக் குறித்தது. அதாவது, ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காணும் அறிவே முதற்பொருள். கைவினைத் திறமை என்பது பின்னர் ஏற்பட்ட பொருள். சேக்சுபியர் காலத்து ஆங்கிலத்தில் இது வினைச்சொல்லாகவும் வழங்கியது. அப்போது அதற்கு 'வேறுபாட்டை உண்டாக்குதல்' என்று பொருள்.

தமிழிலும் இதற்கு இணையான போக்கைக் காணலாம். திறம் என்னும் சொல் ஆற்றலை மட்டுமன்றி, கூறுபாடு, வகை ஆகியவற்றையும் குறிக்கும். பண்ணின் உட்பிரிவுக்கும் திறம் என்றே பெயர். தேர்ச்சி என்பதோ, ஆராய்ந்து தெரிந்தெடுத்தல் எனப் பொருள்படும் 'தேர்' என்ற வினையடியிலிருந்து பிறந்தது. தொடர்பற்ற இரு மொழிகளில் திறமைக்கான சொற்கள் பகுத்தறிதலோடு இணைந்திருப்பது கவனிக்கத்தக்கது.

நெருங்கிய சொற்கள்

ஸ்கில்டு, ஸ்கில்ஃபுல் ஆகிய இரண்டும் மாணவர்களைப் பெரிதும் குழப்புவன. முன்னது ஒருவர் பெற்றுள்ள பயிற்சியைச் சுட்டும். பின்னது ஒரு செயல் செய்யப்படும் நேர்த்தியைச் சுட்டும். ஆகவே, பல ஆண்டுகள் பயின்ற தச்சரை ஸ்கில்டு என்பர். அவர் இழைத்த ஒரு மூட்டினை ஸ்கில்ஃபுல் எனப் பாராட்டுவர். எக்ஸ்பர்ட் என்பது முயன்று பார்த்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்தும், டெக்ஸ்டரஸ் என்பது வலக்கை என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்தும் வந்தவை. இவற்றுள் டெக்ஸ்டரசுக்கு மிக அருகில் வரும் தமிழ்ச்சொல் 'கைதேர்ந்த' என்பதாகும். தமிழ்ச்சொல்லில் இடக்கைக்காரர்களுக்கும் இடமுண்டு.

தொழிற்சட்டத்தில்

இந்தியாவின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் (1948), தோட்டத் தொழிலாளர் சட்டம் (1951) ஆகிய இரண்டும், திறன்சார்ந்த அல்லது திறன்சாராத வேலை எதைச் செய்பவரையும் தம் வரம்புக்குள் கொண்டுவந்தன. ஆனால், திறன் என்பது எது என இவை வரையறுக்கவில்லை. அப்பொறுப்பு கூலி அறிவிக்கைகளுக்கு விடப்பட்டது. இச்சட்டங்களுக்கு மாற்றாக வந்த தொகுப்புச் சட்டங்கள் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தன. அவற்றுள் ஒன்றான ஊதியச் சட்டத் தொகுப்பு (2019), கூலியை முடிவு செய்கையில் திறன்சாராத, பகுதித் திறனுள்ள, திறனுள்ள, உயர்திறனுள்ள என்ற நான்கு வகைகளைக் கருத வேண்டும் என்கிறது.

மத்திய அரசின் கூலி அறிவிக்கைகளில் காணப்படும் விளக்கத்தின்படி, திறனோ பட்டறிவோ அதிகம் தேவைப்படாத எளிய வேலை திறன்சாராத வேலையாகும். திறனுள்ள வேலைக்கு, பணியில் பெற்ற பட்டறிவோ தொழிற்பயிற்சியோ வேண்டும். தானே முடிவெடுக்கும் ஆற்றலும் வேண்டும். இங்கு இரண்டு செய்திகள் முதன்மையானவை. ஒன்று, வகைப்படுத்தப்படுவது வேலையே அன்றி வேலை செய்பவர் அல்லர். மற்றொன்று, சான்றிதழ் கட்டாயமன்று, பட்டறிவும் போதும். ஆனால், சான்றிதழைக் காட்டுவது எளிது, பட்டறிவைக் காட்டுவது கடினம் என்பதால் நடைமுறையில் இரண்டாவது செய்தி பெரும்பாலும் மறக்கப்படுகிறது.

ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்கள்

சேலம் மாவட்டத்திலுள்ள சேர்வராயன் மலையில் காப்பிப் பயிர், 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் என்பவரால் அறிமுகப்படுத்தப்பட்டது. வெள்ளக்கடை உள்ளிட்ட ஏற்காடு ஒன்றியத்துச் சிற்றூர்களின் சூழலில் காப்பியும், நிழல் மரங்களில் படரும் மிளகும் முதன்மைப் பயிர்கள். இங்குள்ள தோட்ட வேலைகள், திறன் என்ற சொல்லின் இரு பயன்பாடுகளுக்கும் உள்ள இடைவெளியைத் தெளிவாகக் காட்டுகின்றன.

அரபிகா காப்பி, முந்தைய பருவத்தில் வளர்ந்த கிளைப்பகுதியிலேயே காய்க்கும். எனவே கவாத்து செய்பவர் ஒவ்வொரு செடியிலும் காய்த்து ஓய்ந்த கிளை எது, வரும் ஆண்டில் காய்க்கவிருக்கும் கிளை எது, சத்தை வீணாக்கும் போத்து எது எனப் பிரித்தறிய வேண்டும். தவறாக வெட்டினால் அடுத்த பருவத்தின் விளைச்சல் குறையும். பழங்கள் ஒரே நேரத்தில் பழுப்பதில்லை ஆதலால், ஒரே செடியில் பல சுற்றுகளாகப் பழுத்தவற்றை மட்டும் பறிக்க வேண்டும். பச்சைக்காய் கலந்தால் காப்பியின் சுவை கெடும்.

அரபிகாவின் கொடிய பூச்சியான வெள்ளைத் தண்டுத் துளைப்பானைக் கண்டறிவது இவற்றினும் நுட்பமானது. இவ்வண்டு பட்டையின் வெடிப்புகளில் முட்டையிடும்; புழு தண்டினுள் துளைத்துச் செல்லும். இலை மஞ்சளாதல், தண்டின்மேல் வரப்புப் போன்ற தடிப்பு ஆகியவையே வெளியில் தெரியும் அடையாளங்கள். வண்டுகள் வெளிவருமுன் தாக்குண்ட செடிகளைத் தேடிப் பிடுங்கி எரிக்க வேண்டும். ஒன்றைத் தவறவிட்டால் அது சுற்றியுள்ள செடிகளுக்கும் பரவும். வெயில் நேராக விழும் செடிகளையே இவ்வண்டு அதிகம் நாடுவதால், நிழல் மரத்தில் எந்தக் கிளையைக் கழிப்பது, எதை விடுவது என்பதும் இதனோடு தொடர்புடையது. பழைய நோர்சுச் சொல் குறித்த பகுத்தறிதல் முழுமையாக இங்குள்ளது எனலாம்.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் தொழில் வகைப்பாடு (2008) இவ்வேலைகளை இரண்டாகப் பிரிக்கிறது. மரப்பயிர்களைத் திட்டமிட்டு வளர்த்துக் கவாத்து செய்வோர், நான்கு திறன் நிலைகளுள் இரண்டாவதில் இடம்பெறுகின்றனர். பறித்தல், களையெடுத்தல் போன்றவற்றைச் செய்யும் பண்ணைக் கூலியாட்கள், அடிப்படைத் தொழில்கள் என்ற தலைப்பில் முதல் நிலையில் வைக்கப்பட்டுள்ளனர். தோட்டத்திலோ, மார்கழியில் பழம் பறிக்கும் அதே கை, அறுவடை முடிந்தபின் கவாத்துக் கத்தியையும் பிடிப்பதுண்டு.

முறைசாரா வழியில் கற்ற திறனுக்குச் சான்று வழங்கும் 'முன்கற்றல் ஏற்பு' என்ற முறை, 2015இல் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி கௌசல் விகாஸ் யோஜனா திட்டத்தில் சேர்க்கப்பட்டது. சான்று கிடைப்பதனால் மட்டும் வேலையின் வகை மாறிவிடாது. கூலி உயர, அறிவிக்கையில் அந்த வேலை மேல்வகையில் வைக்கப்பட வேண்டும்.

குடிவரவுச் சட்டத்தில்

ஐக்கிய இராச்சியத்தில் ஸ்கில்டு வொர்க்கர் என்ற பெயரிலேயே ஒரு நுழைவிசைவு 2020 டிசம்பர் 1 முதல் வழங்கப்படுகிறது. தொடக்கத்தில் மேனிலைப் பள்ளிக் கல்விக்கு இணையான நிலையிலுள்ள தொழில்களும் இதில் ஏற்கப்பட்டன. 2025 சூலை 22 முதல், சில விலக்குகள் நீங்கலாக, பட்டப்படிப்பு நிலைத் தொழில்கள் மட்டுமே ஏற்கப்படுகின்றன. இதனால் பட்டியலிலிருந்து நீங்கிய தொழில்களில் வேலையும் அதைச் செய்யும் முறையும் மாறவில்லை. சொல்லின் எல்லை மட்டுமே மாறியது.

தமிழாக்கம்

அன்ஸ்கில்டு என்ற எதிர்ச்சொல்லைத் தமிழில் 'திறனற்ற' என எழுதும் வழக்கம் உள்ளது. திறனற்ற தொழிலாளி என்னும்போது, வேலையைப் பற்றிய வகைப்பாடு ஆளைப் பற்றிய தீர்ப்பாகிவிடுகிறது. 'திறன்சாரா வேலை' என்ற வடிவம், சட்டம் கூறுவதற்கு நெருக்கமானது. அதுபோலவே, கூலி வகையைக் குறிக்கும் இடங்களில் 'திறனுள்ள வேலை' என்றும், ஒருவருடைய கைத்திறத்தைக் கூறும் இடங்களில் 'கைதேர்ந்த' என்றும் வேறுபடுத்தி எழுதினால் பொருள் மயக்கம் ஏற்படாது.