மாடியில் தொடங்கிய படிப்பு: இளங்கலைச் சமூகப்பணிக் கல்வியும் காஞ்சிபுரத்துத் தறியும்

இந்தியப் பல்கலைக்கழகங்களில் பொருளியலும் வரலாறும் விலங்கியலும் முதலில் இளங்கலைப் பாடங்களாக வேரூன்றி, பிறகு முதுகலைக்கு வளர்ந்தவை. சமூகப்பணி இதற்கு நேர்மாறாக வளர்ந்தது. 1936இல் பம்பாயில் தொராப்ஜி டாட்டா அறக்கட்டளையின் பொருளுதவியோடு தொடங்கிய பள்ளி, ஏற்கெனவே பட்டம் பெற்றவர்களை மட்டுமே சேர்த்துக்கொண்டது. அதன் முதல் இயக்குநர் கிளிஃபோர்டு மான்ஷார்ட், நாக்பாடா குடியிருப்புப் பகுதியில் சேவை இல்லம் நடத்திவந்த அமெரிக்கப் பாதிரியார். 1944இல் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் என்று பெயர் மாறிய அப்பள்ளிதான் பின்னால் வந்த எல்லாப் பள்ளிகளுக்கும் அச்சாக அமைந்தது. பட்டதாரிக்கு இரண்டாண்டுப் பயிற்சி, வாரத்தில் சில நாள் களப்பணி, தனிநபர் பணி, குழுப்பணி, சமுதாய அமைப்பாக்கம் என்ற வரிசை, எல்லாமே அங்கிருந்து வந்தவை. இளங்கலைச் சமூகப்பணிப் பட்டம், மாணவர் வாயில் ‘பி.எஸ்.டபிள்யூ.’, இன்றும் தனக்கென ஓர் இடமின்றித் தவிப்பதன் காரணத்தை அதன் பாடத்திட்டத்தில் தேடிப் பயனில்லை. இந்தப் பிறப்பு வரிசையிலும், அதை அப்படியே ஏற்றுக்கொண்ட சட்டங்களிலும் பணி விதிகளிலும்தான் அந்தக் காரணம் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சென்னையின் வரலாறு இதை இன்னும் தெளிவாகக் காட்டும். 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவ் சென்னை சமூகப்பணிப் பள்ளியைத் தொடங்கியபோது, அவர் சார்ந்திருந்த கில்டு ஆஃப் சர்வீஸ் அமைப்பின் கையில் அநாதை இல்லங்களும் மருத்துவமனைத் தொண்டும் இருந்தன. பள்ளியின் தோற்றம் தொண்டில். ஆனால் அதில் படித்தவர்களுக்கு வேலை வேறோர் இடத்திலிருந்தும் வந்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 49ஆம் பிரிவு, 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள ஆலைகளில் நல அலுவலரை நியமிப்பதைக் கட்டாயமாக்கியது. சமூக அறிவியலில் பட்டமோ பட்டயமோ பெற்றவருக்கு அப்பதவி திறந்தது. தொழிலாளர் நலமும் ஆளெடுப்பு நிர்வாகமும் இந்தியச் சமூகப்பணிப் பள்ளிகளின் முதன்மைச் சிறப்புப் பாடங்களுள் ஒன்றானதற்கு இதுவே பெருங்காரணம். மேற்கில் ஏழைக் குடும்பத்தையும் புலம்பெயர்ந்தவரையும் சுற்றி வளர்ந்த ஒரு தொழில், இங்கே ஆலை வாசலில் போய் நின்றது. அதைக் குறை சொல்வதற்கில்லை. சட்டம் எங்கே நாற்காலி போடுகிறதோ அங்கேதான் படிப்பும் போய் உட்காரும்.

காஞ்சிபுரத்தின் முதன்மைத் தொழில் அந்தச் சட்டத்தின் கண்ணில் படவே முடியாதது. பட்டுத்தறி வீட்டுக்குள் இருக்கிறது. 500 பேர் ஒரே கூரையின் கீழ் வேலை செய்வதில்லை. தறிக்குழியில் இறங்கி அமர்பவரும் அவருக்குத் துணையாக ஒருவரும்தான். அந்தத் துணை யார் என்பதில்தான் இவ்வூரின் சமூக வரலாற்றில் ஒரு பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. காஞ்சிப் பட்டின் தனி அடையாளமான கோர்வை வேலையில், உடலின் நிறமும் கரையின் நிறமும் வேறாக இருக்க, மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். மூன்றாவதை எறிய நெசவாளியின் பக்கத்தில் இன்னொரு கை தேவை. கூலி கொடுத்து ஆள் வைக்க முடியாத வீட்டில் அந்தக் கை பெரும்பாலும் ஒரு குழந்தையின் கையாக இருந்தது. சொந்தத் தறி இல்லாதவர் வீட்டுக் குழந்தை, முன்பணம் வாங்கியதற்கு ஈடாக அடுத்தவர் தறியில் உட்கார்ந்தது. 1976இலேயே கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் இந்தியப் பட்டுத்தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. முன்பணம்தான் கட்டு, கூலியில் அது கழிவதே இல்லை.

இந்தச் சிக்கலை அவிழ்க்க என்ன தேவைப்பட்டது என்று பார்த்தால் படிப்பின் கேள்வி தானாகவே எழுகிறது. குழந்தையைத் தறியிலிருந்து எழுப்பிச் சிறப்புப் பள்ளியில் சேர்ப்பது முதல் படி மட்டுமே. தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டமும் உள்ளூர்த் தொண்டு நிறுவனங்களும் அதை ஊக்கத்தோடு செய்தன. அதற்குப் பிறகு அந்த வீட்டின் கடன் யாரிடம், எவ்வளவு, எந்தச் செலவுக்காக வாங்கியது என்று அறிய வேண்டும். தாயை மகளிர் சுயஉதவிக் குழுவில் சேர்த்து மாற்றுக் கடனுக்கு வழி காண வேண்டும். கொத்தடிமையாக இருந்ததற்கான விடுதலைச் சான்றிதழுக்குக் கோட்டாட்சியர் அலுவலகத்தில் நிற்க வேண்டும். தறி முதலாளியோடு பேச வேண்டும். அவரும் அதே தெருக்காரராக இருக்கக்கூடும். குழந்தை மூன்றாம் மாதம் பள்ளிக்கு வராமல் நின்றால் காரணம் கேட்டு மறுபடி வீட்டுக்குப் போக வேண்டும். பாடநூலில் தனிநபர் பணி, குழுப்பணி, சமுதாய அமைப்பாக்கம் என மூன்றாகப் பிரிந்து கிடப்பவை இந்த ஒரே வீட்டில் ஒன்றாக வந்துவிடுகின்றன. காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கம் போன்ற ஊராட்சியில் இவ்வேலையைச் செய்ய வருபவர் சென்னையில் முதுகலை முடித்து மேற்பார்வைப் பதவி தேடும் ஒருவராக இருக்க வாய்ப்பு குறைவு. ஊரிலேயே இருந்து, பேருந்தில் போய் மூன்றாண்டு படித்து, அங்கேயே வேலை பார்க்கக்கூடிய ஒருவரே இதற்குப் பொருத்தம். இளங்கலைப் பட்டத்துக்கு இயல்பான இடம் இதுதான்.

ஆனால் விதிகள் அந்த இடத்தை ஒதுக்கவில்லை. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநலச் சமூகப்பணியாளர் என்பவருக்கு முதுகலையும் அதன்மேல் ஈராண்டு முழுநேர எம்.பில்.லும் கேட்கிறது. அது நியாயம் என்றே வைத்துக்கொள்வோம். 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தைப் பார்த்தால் வியப்பு கூடுகிறது. சிறார் நீதிக் குழுமத்தில் ‘சமூகப்பணியாளர்’ என்ற பெயரிலேயே இருவர் அமர வேண்டும் என்கிறது. அவர்கள் குழந்தைகள் நலப் பணியில் ஏழாண்டு ஈடுபட்டவராகவோ, குழந்தை உளவியல், மனநல மருத்துவம், சமூகவியல், சட்டம் ஆகியவற்றில் பட்டம் பெற்றுத் தொழில் செய்பவராகவோ இருந்தால் போதும். சமூகப்பணிப் பட்டம் அந்தப் பட்டியலில் இல்லை! குழந்தைகள் நலக் குழுவுக்கான பிரிவில் மட்டும் அது எட்டிப் பார்க்கிறது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் சமூகப்பணியாளர் பணியிடம் உண்டு. நடுவண் திட்ட வழிகாட்டுதல் அதற்குச் சமூகப்பணியில் அல்லது சமூகவியலில் பட்டம் இருந்தால் நல்லது என்கிறது. கட்டாயம் என்று சொல்லவில்லை. மேலே முதுகலையும் அதற்கு மேலும், கீழே ஏதேனும் ஒரு பட்டம் என்ற இந்த ஏற்பாட்டில், நடுவில் நிற்கும் பி.எஸ்.டபிள்யூ.வுக்கு மட்டுமே உரிய வேலை என்று எதுவும் இல்லாமல் போகிறது. அமெரிக்காவில் 1974 முதல் இளங்கலைப் படிப்புகளுக்குத் தனி அங்கீகாரம் கிடைத்தது. இங்கிலாந்தில் 2003 முதல் இளங்கலைப் பட்டமே தொழிலுக்கான குறைந்தபட்சத் தகுதியானது. இந்தியாவில் 2004இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தொலைநிலையில் பி.எஸ்.டபிள்யூ. தொடங்கியதும் படிப்பு பரவலாயிற்று. படித்தவருக்கான இருக்கையோ பரவவில்லை. மூன்றாண்டு முடித்தவர் அடுத்து எம்.எஸ்.டபிள்யூ. சேர்வதே வழக்கமானது, தொழிலுக்குத் தகுதி தரும் பட்டமாகக் கருதப்பட வேண்டியது முதுகலைக்கு முன்தயாரிப்பாகச் சுருங்கிவிட்டது.

இதற்கு எதிராக எழும் முதல் மறுப்பு வயதைப் பற்றியது. பதினெட்டு, பத்தொன்பது வயதில் ஒருவரை வன்கொடுமைக்கும் கடனுக்கும் சாவுக்கும் நடுவே அனுப்பலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் உண்மை இருக்கிறது. செவிலியர் படிப்பில் சேரும் பெண்ணும் அதே வயதில்தான் வார்டுக்குள் நுழைகிறாள். அவளைத் தாங்குவது மூத்த செவிலியரின் மேற்பார்வை. சமூகப்பணியில் அத்தகைய மேற்பார்வை ஏட்டளவில் இருந்து, நடைமுறையில் கையெழுத்தோடு நின்றுவிடும் கல்லூரிகள் இருக்கலாம். அப்படியானால் கண்டிக்க வேண்டியது அந்தக் கல்லூரிகளைத்தான், மாணவரின் வயதை அல்ல. இரண்டாவது மறுப்பு கனமானது. தமிழ்நாடு சத்துணவையும் சுயஉதவிக் குழுக்களையும் கட்டியெழுப்பியது சமூகப்பணிப் பட்டதாரிகளை நம்பி அல்ல. 1982இல் சத்துணவு விரிவுபடுத்தப்பட்டபோது உள்ளூர்ப் பெண்களே அமைப்பாளராகவும் சமையலராகவும் நின்றார்கள். 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் குழுக்களும் ஊர்ப் பெண்களின் உழைப்பில் வளர்ந்தவை. அப்படியிருக்கப் பட்டம் எதற்கு? இந்த வாதத்தை முழுதாக ஒதுக்க முடியாது. ஊழியத்துக்குப் பட்டம் தேவையில்லை என்பதை இத்திட்டங்கள் நிறுவிவிட்டன. ஆனால் இவை எல்லாருக்கும் ஒரே சேவையை ஒரே அளவில் தரும் திட்டங்கள். அவற்றின் வலிமையே அந்தச் சீர்மைதான். கோர்வைத் தறியில் உட்கார்ந்த குழந்தையின் வீடோ ஒவ்வொன்றும் வேறு. கடன் சட்டத்தையும் குடும்பத்தின் மௌனத்தையும் ஒருங்கே படிக்கத் தெரிந்தவர் அங்கே வேண்டும். அத்தகைய திறன் அனுபவத்திலும் வரும். வருவதற்கு ஆகும் காலத்தில் குழந்தை வளர்ந்துவிடும்.

மூன்றாவது மறுப்பு கல்விப்புலத்துக்குள்ளேயே பழகியது. பாடம் முழுக்க அமெரிக்கச் சரக்கு, மேரி ரிச்மண்டின் 1917ஆம் ஆண்டு நூல் தொடங்கி எல்லாமே வேற்று மண்ணின் வீட்டையும் தனிமனிதரையும் மனத்தில் கொண்டவை என்பது அது. முதுகலையில் இக்குறை ஓரளவு மறைந்துவிடும், ஏனென்றால் அங்கு படிப்பவர் ஆங்கிலத்தில் வாசித்து ஆங்கிலத்தில் அறிக்கை எழுதும் பதவிக்குப் போகிறார். இளங்கலையில் மறைக்க முடியாது. வீட்டு வாசலில் தமிழில் கேட்டதைத் தமிழிலேயே பதிவு செய்ய வேண்டிய மாணவருக்கு, தறிக்கடனையும் சாதியையும் பங்காளிப் பகையையும் பேசும் பாடநூல் இல்லாமல் முடியாது. ஆகவே பாடத்தை மண்ணுக்குக் கொண்டுவரும் நெருக்கடி இளங்கலையிலிருந்தே வரக்கூடும் என்பது என் கணிப்பு.

2021ஆம் ஆண்டு இணைநிலை மற்றும் சுகாதாரத் தொழிலர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், மருத்துவச் சமூகப்பணியாளரையும் மனநலச் சமூகப்பணியாளரையும் தன் அட்டவணையில் சேர்த்துப் பதிவுக்கு உட்படுத்துகிறது. அதில் சுகாதாரத் தொழிலருக்கான படிப்பு குறைந்தது 3,600 மணிநேரம், மூன்று முதல் ஆறு ஆண்டுகளுக்குள் என்று வரையறுக்கப்படுகிறது. மூன்றாண்டு இளங்கலைக்கு ஒரு சட்டம் கதவைத் திறக்கும் வாய்ப்பு முதன்முறையாகத் தெரிகிறது. ஆனால் அது மருத்துவமனையின் கதவு. தறிக்குழிக்கும் ஊராட்சிக்கும் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் அந்தச் சட்டம் எட்டாது. அங்கே இளங்கலைச் சமூகப்பணிப் பட்டத்தைத் தகுதியாக வைப்பதற்கு மாநில அரசின் பணி விதித் திருத்தம் ஒன்று போதும்.