மந்திரவாதிகள் நடத்தும் போர்

கையை அசைத்தால் மின்னல், வாயைத் திறந்தால் பூகம்பம்... மாயாஜாலக் கதையில் போர் என்றாலே இப்படித்தான் என்று நினைப்பவர்கள் அதிகம். ஆனால் நன்றாக எழுதப்பட்ட கற்பனை உலகங்களில் மந்திர சக்தி உள்ள அரசனுக்குப் பெரிய தலைவலி எதிரி இல்லை. தன் கீழே இருக்கும் ஆட்கள்தான்.

டோல்கீனின் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' (1954-55) கதையில் சௌரான் தன் சக்தியில் பெரும்பகுதியை ஒரே மோதிரத்துக்குள் இறக்கி வைக்கிறான். கையிலிருந்த முதலை எல்லாம் ஒரே கம்பெனியில் போட்ட மாதிரி! அவனுடைய ஒன்பது நாஸ்கூல்களும் மோதிரங்களுக்கு அடிமையாகிப்போன மனிதர்கள். நினைத்தாலும் துரோகம் செய்ய முடியாது. உட்பகை இல்லாத படை என்பது லாபம்தான். நஷ்டம் எப்போது தெரிகிறது? மோதிரம் எரிமலையில் உருகியதும் மொத்தப் படையும் திக்குத் தெரியாமல் சிதறும்போது.

எதிர்ப்பக்கம் காண்டால்ஃப். சௌரானின் பலத்தைப் பலத்தால் எதிர்க்கக் கூடாது என்ற தடையோடு அனுப்பப்பட்டவர். ஹெல்ம்ஸ் டீப் போரில் சாருமானின் படை வெடிமருந்து வைத்துக் கோட்டைச் சுவரைத் தகர்க்கிறது. அந்த இரவு முழுக்க காண்டால்ஃப் அங்கே இல்லை. சிதறிப்போன வீரர்களைத் தேடிப் போய், விடிந்ததும் எர்க்கன்பிராண்டோடு சுமார் ஆயிரம் காலாட்படையைக் கூட்டி வருகிறார். (படம் மட்டும் பார்த்தவர்கள் இயோமர் என்பார்கள். நாவலில் இயோமர் கோட்டைக்குள்ளேதான் இருக்கிறான்.) மந்திரவாதி அங்கே செய்தது ஆள் திரட்டும் வேலை!

க்ளென் குக்கின் 'த பிளாக் கம்பெனி' (1984) நேர் எதிர். சாம்ராஜ்யத்தை ஆளும் 'லேடி'க்கும் அடிமைப்படுத்தப்பட்ட மந்திரவாதிகளே தளபதிகள், பத்துப் பேர். ஆனால் இவர்களுக்குச் சொந்த ஆசையும் பழைய பகையும் மிச்சம் இருக்கிறது. தலைநகரை எதிரி முற்றுகையிட்டு நிற்கும்போதும் ஒருவரை ஒருவர் தீர்த்துக்கட்டப் பார்க்கிறார்கள். பயத்தை மட்டும் சம்பளமாகக் கொடுத்தால் வேறென்ன நடக்கும்? இதுதான் நிஜ அரசியலுக்குக் கிட்டத்தில் இருக்கிறது. கடற்படையிலும் பிறகு கார் தொழிற்சாலையிலும் வேலை பார்த்த குக்குக்கு, மேலதிகாரிகளின் சண்டை கீழே இருப்பவன் தலையில்தான் விடியும் என்பது தெரிந்திருக்கிறது.

கதையைச் சொல்பவன்கூட அந்தக் கூலிப்படையின் வைத்தியன்தான். அந்தப் படைக்கும் ஒன்-ஐ, காப்ளின் போன்ற சில்லறை மந்திரவாதிகள் உண்டு. மலையைப் பிளக்கும் வித்தை எல்லாம் கிடையாது. மாயத்தோற்றம் காட்டி எதிரியை ஏமாற்றுவார்கள். மீதி நேரத்தில் தங்களுக்குள் மந்திரம் போட்டுச் சண்டை பிடிப்பார்கள். ஆனாலும் கம்பெனிக்கு அவர்கள் துரோகம் நினைத்ததில்லை.