கடலில்லாத ஊரும் கடல் சட்டமும்

திண்டுக்கல்லுக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கும் கன்னிவாடி ஒரு காலத்தில் பாளையமாக இருந்த ஊர். அங்கே கடலும் இல்லை, துறைமுகமும் இல்லை. பிறகு கடல் சட்ட வக்கீல் எதற்கு என்று தோன்றலாம். ஆனால் அந்த ஊர்ப் பையன் ஒருவன் வெளிநாட்டுக் கப்பலில் வேலைக்குப் போய், சம்பளம் வராமல் நின்றால் எங்கே போவது? இதற்கு விடை சரித்திரத்தில் இருக்கிறது.

சென்னையில் 1801-ல் ஏற்பட்ட சுப்ரீம் கோர்ட்டுக்கே கப்பல் வழக்குகளை விசாரிக்கும் 'அட்மிரால்டி' அதிகாரம் இருந்தது. 1862-ல் உயர்நீதிமன்றம் வந்தபோது அந்த அதிகாரமும் அதனிடம் வந்தது. 1891-ம் ஆண்டுச் சட்டம் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று உயர்நீதிமன்றங்களுக்கு மட்டும் இதை உறுதி செய்தது.

இந்த வழக்குகளில் ஒரு விசித்திரம் உண்டு. பிரதிவாதி மனிதன் அல்ல, கப்பல்! முதலாளி எந்த நாட்டில் இருந்தாலும் கப்பல் நம் துறைமுகத்தில்தானே நிற்கிறது? அதைக் கைது செய்தால், அவர் ஜாமீன் கட்டி மீட்க ஓடி வருவார்.

சுதந்திரத்துக்குப் பிறகும் 1861-ம் ஆண்டு ஆங்கிலச் சட்டத்தின் எல்லையே நமக்கும் எல்லையாக இருந்தது. 'எம்.வி. எலிசபெத்' என்ற கப்பல் விசாகப்பட்டினத்தில் கைதானபோது, இந்தியாவிலிருந்து வெளியே போகும் சரக்குக்காகக் கைது செய்ய அதிகாரம் இல்லை என்று முதலாளி தரப்பு வாதாடியது. 1992-ல் உச்சநீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இந்திய உயர்நீதிமன்றங்களின் அதிகாரம் அந்தப் பழைய சட்டத்தோடு நின்றுவிடவில்லை என்றது.

பிறகு 2017-ல் இயற்றிய அட்மிரால்டி சட்டம் 2018 ஏப்ரல் 1-ல் அமலுக்கு வந்தது. கப்பலின் மீதுள்ள கடல்சார் பற்றுரிமைகளில் மாலுமியின் சம்பளத்துக்கே முதலிடம். ஆனால் அந்த உரிமை நிலைக்க, சம்பளம் சேர வேண்டிய நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் கப்பல் கைதாக வேண்டும். கப்பல் கையை விட்டுப் போனால் பிடிப்பது கஷ்டம்.

திண்டுக்கல் மாவட்ட வழக்குகள் 2004 முதல் மதுரைக் கிளைக்குப் போகின்றன. ஆனால் தூத்துக்குடியில் நிற்கும் கப்பலைக் கைது செய்யும் வழக்குகள்கூட சென்னை உயர்நீதிமன்றத்தின் அசல் வழக்குப் பிரிவில் நடந்து வந்திருக்கின்றன. அதனால் இந்தத் துறையில் பழகிய வக்கீலைத் தேடுகிறவர், பாரிமுனை, தம்புச்செட்டித் தெருப் பக்கம் போவது நல்லது. வேலை ஒப்பந்தம், சம்பளக் கணக்கு, கப்பலின் பெயர், அது அடுத்து வரும் துறைமுகம் ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோனால் பாதி வேலை முடிந்தது.

கடல் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் சட்டம் எட்டும். காலம் தாழ்த்தாமல் போக வேண்டும், அவ்வளவுதான்.