திருடிய பறவைக்குத்தான் தெரியும்

2020 ஊரடங்கு. மேற்குத் தாம்பரத்தில் எங்கள் மொட்டை மாடிதான் எனக்கு ஆபீஸ். அமாவாசைக்கு அம்மா வைத்த வடையில் பாதியைத் தூக்கிய ஒரு காகம், தண்ணீர்த் தொட்டிக்கடியில் செங்கல் இடுக்கில் அதைச் செருகி, காய்ந்த இலையால் மூடியது. கேபிள் ஒயரிலிருந்து இன்னொரு காகம் பார்த்துக்கொண்டே இருந்தது. அது பறந்துபோனதும் முதல் காகம் திரும்பி வந்து வடையை வேறு இடத்துக்கு மாற்றியது. அட, பாஸ்வேர்டை மாத்துதே!

இதே காட்சியை 1990களில், கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக வளாகத்தில், மதிய உணவு வேளையில் பார்த்தவர் நிக்கோலா கிளேட்டன். அங்கே சாப்பாட்டுத் துணுக்குகளை ஒளித்துவைத்தவை, காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்க்ரப் ஜே பறவைகள். மற்றப் பறவைகள் போனபின் தனியாக வந்து இடம் மாற்றின.

1998இல் கிளேட்டனும் ஆந்தனி டிக்கின்சனும் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இப்பறவைகளுக்குப் புழு என்றால் உயிர், ஆனால் புழு சீக்கிரம் அழுகிவிடும். ஒளித்து 4 மணி நேரம் ஆகியிருந்தால் புழுவைத் தேடின. 124 மணி நேரம் ஆகியிருந்தால் வேர்க்கடலையைத் தேடின. எதை, எங்கே, எப்போது என்று மூன்றும் நினைவில் இருந்தன.

2001இல் நேதன் எமரியுடன் கிளேட்டன் செய்த ஆய்வுதான் என்னை உலுக்கியது. ஒளிக்கும்போது இன்னொரு பறவை பார்த்திருந்தால், பிறகு தனிமையில் இடம் மாற்றின. ஆனால் எல்லாப் பறவைகளும் அல்ல. முன்பு பிறர் உணவைத் திருடிய அனுபவம் இருந்தவை மட்டுமே மாற்றின. மற்றவர் ஒளிப்பதை வெறுமனே பார்த்திருந்து, திருடாதவை மாற்றவில்லை.

படித்ததும் பாட்டி ஞாபகம் வந்தது. உளுந்து டப்பாவுக்குள் சுருட்டிவைத்த பணத்தில் பத்து ரூபாயை நான் எட்டாம் வகுப்பில் எடுத்தேன். மறுநாள் டப்பாவில் உளுந்து மட்டும்தான். பாட்டி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரொம்ப நாள் கழித்து, "எங்க அம்மா கடுகு டப்பாவுல வைப்பா, நானும் எடுத்திருக்கேன்டா" என்று சிரித்தாள்.

இப்போது என் பர்ஸ் அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. ஆறு வயது மகள் இதுவரை எதையும் எடுத்ததில்லை. நேற்று அவள் கேட்டாள்: "ஏம்ப்பா அவ்ளோ மேல வைக்கிற?"

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பர்ஸை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.