புதுச்சேரியின் பழைய வீடுகள் விடுதிகளான கதை

புதுச்சேரிக்குச் சனி, ஞாயிறு தங்க வருபவர்களில் கொஞ்சம் ரசனையும் கையில் காசும் உள்ளவர்கள் இன்று தேடுவது பழைய வீட்டு விடுதியை. உயர்ந்த மஞ்சள் சுவர், பலகை அடித்த சன்னல் கதவுகள், நடுவில் வானம் தெரியும் முற்றம், மொத்தம் பத்துப் பதினைந்து அறைகள். இந்த வகை விடுதி ஊரில் வேர்பிடித்து இருபத்தைந்து ஆண்டுதான் ஆகிறது. வீடுகளின் வயதோ நூறைத் தாண்டும். சில இருநூறையும் தாண்டும். வீடு விடுதியானதற்கு ஒரு சாலை, சில சட்டங்கள், ஊரை விட்டுப் போன குடும்பங்கள் என்று காரணங்கள் பல.

பிரெஞ்சுக் கம்பெனிக்காக பிரான்சுவா மார்த்தேன் இங்கே காலூன்றியது 1674-இல். நேர்கோட்டுத் தெருக்களுக்கு வரைபடம் போட்டவர்கள் பிரெஞ்சுக்காரர்கள் அல்லர். 1693 முதல் 1699 வரை ஊரைப் பிடித்து வைத்திருந்த டச்சுக்காரர்கள். 1761-இல் ஆங்கிலேயர் ஊரைக் கைப்பற்றிக் கோட்டையையும் மாளிகைகளையும் தரைமட்டமாக்கினார்கள். 1765-இல் பிரெஞ்சுக்காரர் திரும்பி வந்து அதே தெருக்களில் மறுபடி கட்டினார்கள். கடற்கரைப் பக்கம் இப்போது பார்க்கும் கட்டடங்களில் பெரும்பாலானவை அதற்குப் பிற்பட்டவை என்பதற்கு இதுவே காரணம். பெரிய வாய்க்கால் ஊரை இரண்டாகப் பிரித்தது. கிழக்கே, கடலை ஒட்டி வெள்ளையர் குடியிருப்பு. மேற்கே தமிழர் தெருக்கள்.

இரண்டு பக்கத்து வீடுகளும் அமைப்பில் வேறு. பிரெஞ்சு வீடு தெருவுக்கு முகம் காட்டாது. உயர்ந்த மதில், வளைவு வைத்த பெரிய கதவு, அதைத் தாண்டினால் தோட்டம், பிறகு தூண்கள் நிற்கும் முன்கூடம். தமிழ் வீடு தெருவோடு பேசும். வழிப்போக்கன் வெயிலுக்கு ஒதுங்கத் தாழ்வாரம், அதை ஒட்டித் திண்ணை, செதுக்கு வேலை செய்த கதவு, நடை, முற்றம், கடைசியில் கொல்லை. இரண்டும் கலந்த வீடுகளும் உண்டு: கீழே மரத்தூணும் திண்ணையுமாகத் தமிழ் வீடு, மாடியில் சுதைத் தூணும் வளைவுச் சன்னலுமாகப் பிரெஞ்சு வீடு. நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை இந்தக் கலப்புக்குப் பழைய சான்று.

கூரை மட்டும் இரு தரப்புக்கும் ஒன்று. தேக்கு உத்தரத்தின் மேல் நெருக்கமாகச் சட்டங்களை அடுக்கி, மெல்லிய செங்கற்களை விளிம்பில் நிறுத்தி மூலைவாட்டாகச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்துக் கட்டும் மதராஸ் தளம் அது. அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் மரச்சட்டங்களுக்கு நடுவே செங்கல் வரிசை தெரியும். நல்ல தளத்துக்கு நூறு ஆண்டு ஒன்றுமில்லை. மழைநீர் இறங்கி உத்தரத்தின் நுனி மக்கத் தொடங்கினால் மட்டும் சில பருவங்களில் கதை முடிந்துவிடும்.

அக்காலத்தில் ஊருக்கு வந்தவர்கள் இந்த வீடுகளில் வாடகைக்குத் தங்கவில்லை. சத்திரம் உண்டு, உறவினர் வீடு உண்டு, புரவலர் வீடு உண்டு. 1879-இல் விழுப்புரத்திலிருந்து ரயில் வந்த பிறகும் இந்த வழக்கம் பெரிதாக மாறவில்லை. ஆங்கிலேயப் போலீசுக்குத் தப்பி 1908-இல் வந்த பாரதியார் பத்தாண்டு இங்கே இருந்தார். 1910 ஏப்ரலில் கப்பலில் வந்திறங்கிய அரவிந்தர் முதல் சில மாதங்கள் தங்கியது தமிழ்ப் பகுதியில், கலவை சங்கரன் செட்டியார் வீட்டு மாடியில். ஊரின் புகழ்பெற்ற விருந்தாளிகள் இப்படி வந்தவர்கள்தான்; ஓய்வெடுக்க வந்தவர்கள் என்று அவர்களைச் சொல்ல முடியாது.

தங்கும் இடமே அழகாக இருக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு இங்கே எழுந்த கட்டடங்களில் தனித்து நிற்பது கோல்கொண்டா. அரவிந்தர் ஆசிரமத்துக்காக 1937-இல் தொடங்கிய கட்டடம். செக் நாட்டில் பிறந்து ஜப்பானில் தொழில் நடத்திய ஆன்டனின் ரேமண்ட் வரைபடம் தந்தார். பின்னாளில் மர வேலைப்பாட்டுக்குப் புகழ்பெற்ற ஜார்ஜ் நகாஷிமா பணியிடத்திலேயே இருந்து மேற்பார்த்தார். ஐதராபாத் திவான் அக்பர் ஐதரியின் முயற்சியால் நிஜாம் அரசிடமிருந்து பணம் வந்தது, பெயர் அதனால்தான். சன்னலே இல்லை. சுவர் முழுக்கத் திருப்பி வைக்கக்கூடிய கிடைமட்டப் பலகைகள். அறைக்கும் நடைக்கும் நடுவே காற்றுப் புகும் தேக்குச் சறுக்குக் கதவுகள். வெளிச்சத்தையும் காற்றையும் அளந்து விடலாம், குளிர்சாதனம் தேவையில்லை. இந்தியாவின் முதல் நவீன கான்கிரீட் கட்டடங்களில் ஒன்றாக அதைக் கட்டடக் கலைஞர்கள் கொண்டாடுகிறார்கள். ஆனால் அது ஆசிரமவாசிகளின் தங்குமிடம். சுற்றுலாப் பயணிக்கு அங்கே இடமில்லை.

பயணிக்கு வாய்த்தது வேறு. சென்னை மாகாணம் முழுவதும் 1948-இல் மதுவிலக்கு வந்தது. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்கு அது பொருந்தவில்லை. சுற்று வட்டார மாவட்டங்களிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பிற்காலத்திலும் வரி குறைவு என்பதால் அந்த வரத்து நிற்கவில்லை. வார இறுதிப் பயணம் என்று இன்று நாகரிகமாகச் சொல்லப்படுவதன் மூதாதை இதுதான் என்று சொன்னால் ஊர்க்காரர்கள் மறுக்க மாட்டார்கள். இந்தக் கூட்டத்துக்குப் படுக்க ஓர் இடம் போதும். பேருந்து நிலையத்தைச் சுற்றி லாட்ஜுகள் முளைத்தன. கடற்கரையில் ஆசிரமத்தின் விருந்தினர் இல்லங்கள் நேர்மாறு: சுத்தம், அமைதி, கடல் காற்று, கூடவே மதுவுக்கும் புகைக்கும் தடை, இரவில் குறித்த நேரத்துக்குள் திரும்ப வேண்டும் என்ற கட்டுப்பாடு.

இதற்கிடையில் பழைய வீடுகள் காலியாகிக் கொண்டிருந்தன. 1954 நவம்பர் 1-இல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1962 ஆகஸ்டு 16-இல் சட்டப்படியான மாற்றம் முடிந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள ஆறு மாதம் தவணை தரப்பட்டது. தேர்ந்தவர்களில் பலர் பிரான்சுக்குக் குடிபெயர்ந்தார்கள். பிரெஞ்சுப் படையில் சேவை செய்து ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பிய ‘சொல்தா’க்களின் வீடுகளிலும் அடுத்த தலைமுறை பாரிசில்தான். பூட்டிய வீடு, பிரியாத பாகம், வெளிநாட்டில் இருக்கும் வாரிசு: மழைநீர் உத்தரத்துக்கு இறங்க இவை போதும். பராமரிப்பதைவிட இடித்து அடுக்கு மாடி கட்டுவது லாபம் என்றும் கணக்குப் போட்டார்கள். மரபுக் காப்பு அமைப்பான இன்டாக் 1990-களில் பட்டியலிட்ட சுமார் 1,800 கட்டடங்களில் கணிசமானவை பிறகு காணாமல் போயின. அதிகம் இழந்தது தமிழ்ப் பகுதிதான்.

2000-ஆம் ஆண்டையொட்டிக் காற்று திசை மாறியது. ரொமேன் ரோலன் தெருவில், ஒரு காலத்தில் பிரெஞ்சு அரசின் கல்வித் துறை இயங்கிய மாளிகையை நீம்ரானா நிறுவனம் சீர்ப்படுத்தி ‘ஓட்டல் தெ லோரியான்’ என்று திறந்தது. சென்னையிலிருந்து வரும் கிழக்குக் கடற்கரைச் சாலை அகலப்படுத்தப்பட்டு 2002-இல் சுங்கச் சாலையானது. சுமார் 150 கிலோமீட்டர். மூன்று மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். அதே ஆண்டுகளில் சென்னையில் பெருகிய கணினி நிறுவனங்கள் சனிக்கிழமையையும் விடுமுறையாக்கின. சாலையும் இரண்டு நாள் ஓய்வும் சேர்ந்தபோது விருந்தாளி கிடைத்துவிட்டார்.

வாய்க்காலுக்கு மேற்கே வேலை சற்று மெதுவாக நடந்தது. 2002 முதல் 2004 வரை ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு, பிரான்சின் வில்நெவ் சுர் லோ, இத்தாலியின் உர்பினோ நகரங்கள் கைகோக்க, வைசியாள் தெருவின் முகப்புகள் சீராயின. இடிந்துபோன தாழ்வாரங்கள் மீண்டன. 2008-இல் அந்தத் தெருவுக்கு யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபு விருது கிடைத்தது. பெருமாள் கோயில் தெருவில் ஒரு பழைய தமிழ் வீடு ‘மேசோன் பெருமாள்’ என்ற விடுதியானது. தமிழ் வீட்டையும் காசு கொடுத்துத் தங்கும் இடமாகப் பார்க்கலாம் என்று ஊருக்குத் தெரிந்தது இப்படித்தான்.

வீட்டை விடுதியாக்குவதில் தலைவலி குளியலறை. பழைய தமிழ் வீட்டில் அது கொல்லையில் இருந்தது. விடுதியில் ஒவ்வோர் அறைக்கும் ஒன்று வேண்டும். சுண்ணாம்புச் சுவருக்குள் குழாய் ஓடினால் ஈரம் ஊறும். ஊறிய ஈரத்தைச் சுண்ணாம்பு தானே வெளியேற்றும். அதன் மேல் சிமெண்டு பூசிவிட்டால் ஈரம் உள்ளே அடைபட்டுப் பூச்சு உப்பிக் கழன்று விழும். சுவரின் அடிப்பகுதியைப் பார்த்தாலே வேலையின் தரம் தெரிந்துவிடும். முற்றத்தைக் கண்ணாடி போட்டு மூடியிருந்தால் வீட்டின் சூடு வெளியேறும் வழியும் மூடிவிட்டது என்று பொருள். ‘ஹெரிட்டேஜ்’ என்று பலகை மாட்டிய பல விடுதிகளில் தூண் கான்கிரீட், தளம் கான்கிரீட், மஞ்சள் வண்ணம் மட்டும் பழையது. அவற்றிலும் வசதியாகத் தங்கலாம். பழைய வீட்டின் வாடகையைக் கொடுக்க வேண்டியதில்லை.

இந்த மாற்றத்துக்கு விலையும் உண்டு. பிரெஞ்சுப் பகுதியின் சில தெருக்களில் குடியிருப்பவர்களைவிடத் தங்கிப் போகிறவர்கள் அதிகம். மளிகைக் கடை இருந்த இடத்தில் காபிக் கடை, வார இறுதியில் வண்டி நிறுத்த இடமில்லை. ஆனால் மாற்று வழி என்னவென்று பார்த்தால் கடற்கரைச் சாலையில் இருந்த மேரி கட்டடம் நினைவுக்கு வரும். 19-ஆம் நூற்றாண்டு நகராட்சி மன்றம் அது. கவனிப்பாரின்றி 2014 நவம்பர் இறுதியில் மழையில் இடிந்து விழுந்தது. உலக வங்கி உதவியோடு பழைய உருவிலேயே எழுப்பி 2021 பிப்ரவரியில் திறந்தார்கள். அரசுக் கட்டடத்துக்கு அப்படியொரு நிதி கிடைத்தது. பெருமாள் கோயில் தெருவிலோ வைசியாள் தெருவிலோ இருக்கும் ஒரு தனியார் வீட்டுக்கு அது கிடைக்காது. கூரையைப் பழுதுபார்க்கும் செலவை இப்போதைக்கு விடுதி வாடகைதான் தருகிறது.