முகம் காட்டாமல் தேடும் உரிமை

மனைவிக்கு வந்த நோயைப் பற்றி வீட்டுக் கணினியில் ஒருநாள் தேடினேன். அடுத்த பல வாரங்களுக்கு அந்நோய்க்கான மருந்து விளம்பரங்கள் என்னைப் பின்தொடர்ந்தன. பொருளியல் கற்பித்த எனக்கு, நம் கவலைக்கும் சந்தை உண்டு என்பது அப்போதுதான் உறைத்தது. அதன் பிறகே 'டார்' உலாவியை நிறுவினேன்.

அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் 1990-களில் உருவான தொழில்நுட்பம் இது. நமது கோரிக்கை வெங்காயத் தோல்போல அடுக்கடுக்காக மறையாக்கம் செய்யப்பட்டு, மூன்று கணினிகளைக் கடக்கிறது. முதல் கணினிக்கு நம்மைத் தெரியும், சேருமிடம் தெரியாது. கடைசிக் கணினிக்குச் சேருமிடம் தெரியும், நம்மைத் தெரியாது.

டார் திட்டத்தின் அதிகாரபூர்வ இணையதளத்திலிருந்து மட்டுமே இதைப் பதிவிறக்க வேண்டும். இணைப்பு கிடைக்காவிடில், முதலில் கணினியின் தேதியையும் நேரத்தையும் சரிபார்க்க வேண்டும். எனக்கு நேர்ந்த தடங்கல் அதுவே. அடுத்து, வைரஸ் தடுப்பு மென்பொருள் மறிக்கிறதா எனப் பார்க்கலாம். இணைய சேவை நிறுவனமே தடுத்தால், அமைப்புகளில் 'பிரிட்ஜ்' வசதியைத் தேர்ந்தெடுக்கலாம். வேகம் குறைவது பழுதன்று, சுற்றுவழியின் விளைவு. ஆனால், சொந்தக் கணக்கில் நுழைந்தால் அந்தத் தளத்துக்கு நாம் யார் என்பது தெரிந்துவிடும்.

குற்றவாளிகளுக்கும் இது பயன்படுமே என்பர். உண்மைதான். எனினும், அந்தரங்கம் அடிப்படை உரிமை என உச்சநீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்துள்ளது. மேலும், கூட்டம் இருந்தால்தான் ஒருவர் அதில் மறைய முடியும். மறைக்க ஏதுமில்லாத சாமானியர்களும் இதைப் பயன்படுத்தினால்தான், ஊழலை அம்பலப்படுத்துவோருக்குப் பாதுகாப்பு கிடைக்கும்.