மாவுக்கு ஆடி, மல்லிக்குக் கார்த்திகை

ஆனி முடிவதற்குள் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் புத்தலப்பட்டுப் பக்கத்துத் தோப்புகளில் தோத்தாபுரி பெரும்பாலும் லாரி ஏறிவிடும். தமிழ்நாட்டில் பெங்களூரா, கிளிமூக்கு என்கிறோமே, அதே காய்தான். அந்த மாவட்டத்து மாங்கூழ் ஆலைகள் இதை நம்பித்தான் ஓடுகின்றன. காய் இறங்கியதும் மாவுக்குக் கவாத்து. மல்லிக்கோ கார்த்திகையில்தான் கத்தரி எடுப்பார்கள். பலன் கொடுத்து ஓய்ந்ததை வெட்டுகிற வேலை இரண்டும். ஆனால் மல்லியை வெட்டுகிற மாதிரி மாவை வெட்டினால் இரண்டு மூன்று வருஷம் காயைப் பார்க்க முடியாது.

பூ எங்கே பிறக்கிறது என்பதில் இருக்கிறது விஷயம். மல்லி புதுத் தளிரின் நுனியில் அரும்பு கட்டும். பழைய கிளையை வைத்துக்கொண்டு அழுவதில் பயனில்லை. நவம்பர் கடைசி வாரத்தில், தண்ணீரை நிறுத்திச் செடியைக் காயவிட்டு, தரையிலிருந்து அரை மீட்டர் விட்டு மொத்தமாக வெட்டுகிறார்கள். மிச்ச இலையையும் உருவிவிடுவார்கள். அன்றைக்குத் தோட்டத்தைப் பார்த்தால் வயிறு கலங்கும், வெறும் குச்சிக்காடு. செடிக்குப் பத்து கிலோ தொழு உரம் வைத்துத் தண்ணீர் கட்டியபின் குனிந்து பாருங்கள்: கணுவில் இலை உதிர்ந்த தழும்புக்கு மேலே அரிசி முனை அளவு பச்சை, எதிரெதிராக இரண்டு. மாசி பங்குனியில் அரும்பு அங்கிருந்துதான். குளிர்நாட்டுத் தோட்டக்காரர்கள் ஜெரேனியம் என்ற பூச்செடியை முதல் பூ ஓய்ந்ததும் தரையோடு அறுத்து, சில வாரத்தில் புது இலை வாங்குகிறார்கள். அதுவும் மல்லியின் கட்சிதான்.

மா வேறு சாதி. துளிர் வந்து, செம்பு நிறம் மாறிக் கரும்பச்சையாகி, நாலைந்து மாதம் முற்றி ஓய்ந்த கிளைதான் மார்கழி, தை மாதங்களில் பூக்கும். அதனால் ஆடிக்குள் கையை வைக்க வேண்டும், அதுவும் அளவாக: நுனியில் ஒரு சாண், காய்ந்த பூக்காம்பு, நடுவில் வெயிலை மறைக்கிற ஒன்றிரண்டு கிளை. ரம்பம் போட்ட இடத்தில் பால் வடிந்து கையை அரிக்கும், சட்டையில் பட்டால் கறை போகாது. பெரிய வெட்டுக்குப் போர்டோ பசை தடவாமல் விட்டால் பூஞ்சணம் புகும்.

இவ்வளவு தெரிந்தும் மாங்கவாத்து தள்ளிப்போகிறது. மல்லி தினமும் காசு தரும் செடி, அதன் நாளை யாரும் தவறவிடுவதில்லை. மாவுக்கு வருஷத்தில் ஒரே வரவு. 2025இல் தோத்தாபுரி விலை சரிந்து, ஆலை 8 ரூபாய், ஆந்திர அரசு 4 ரூபாய் என்று கிலோவுக்கு 12 ரூபாய் அறிவிக்க வேண்டிவந்தது. அப்படிப்பட்ட வருஷத்தில் வெட்டுக்கூலிக்கு எங்கே போவார்கள்? ஐப்பசியில் கையில் காசு புரளும்போது கத்தரி தூக்குகிறார்கள். மரம் மழை ஈரத்தில் துளிர்க்கிறது. பக்கத்துத் தோப்பு பூத்து நிற்க, வெட்டிய கிளையெல்லாம் செந்தளிராக நிற்கிறது. பார்க்க அழகு, அந்த வருஷம் அதில் காய் இல்லை.

ஆடி தவறிவிட்டால் அந்த வருஷம் காய்ந்த கிளையை மட்டும் எடுங்கள், பச்சைக் கிளையைத் தொடாதீர்கள். பத்து மரத்துக்குத்தான் கூலி இருக்கிறதென்றால், தோப்பின் நடுவில் கிளையோடு கிளை பின்னி இருண்டு கிடக்கிற பத்தைப் பார்த்து ஆடியிலேயே வெட்டுங்கள்.